கை மாறும் நேரம்

கரிசல் காட்டில் மழை பெய்துவிட்டால் 108 வண்டி வீட்டு வாசலுக்கு வராது. தார் ரோடு முடிகிற இடத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் வண்டிப்பாதை. கோடையில் லாரியே போகிற அந்த மண், ஐப்பசியில் இரண்டு மழை பெய்தால் போதும், டயரை விடாது. மக்காச்சோளக் காட்டுக்குள் ஒருவரைப் பாம்பு கடித்தால் கயிற்றுக் கட்டிலில் வைத்தோ, டிராக்டரில் ஏற்றியோ, இரண்டு பேர் தோள் கொடுத்தோ ரோட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கே ஆம்புலன்ஸில் வரும் அவசர மருத்துவ உதவியாளரான இ.எம்.டி. அவரை வாங்குகிறார். இ.எம்.டி.யிடமிருந்து ஆஸ்பத்திரியில் நாங்கள் வாங்குகிறோம். எங்கள் கையை மீறியது என்றால் திருநெல்வேலிக்குப் போக இன்னொரு வண்டியில் ஏற்றுகிறோம். சொந்தக்காரர், இ.எம்.டி., செவிலியர், மறுபடி இ.எம்.டி., மறுபடி செவிலியர் என்று ஓர் உயிர் சில மணி நேரத்துக்குள் ஐந்து கை மாறுகிறது. ஆள் பத்திரமாக வந்து சேர்ந்துவிடுவார். அவரைப் பற்றிய செய்திதான் வழியில் சிந்திப் போகும்.

கோவில்பட்டி வட்டாரத்தில் அவசரப் பிரிவுச் செவிலியராகப் பல வருடங்கள் வேலை பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. ஆம்புலன்ஸ் கதவு திறந்து நோயாளி கட்டிலுக்கு வந்து சேரும் அந்த ஒரு நிமிடமும் சிகிச்சைதான். ஊசி போடவும் லைன் எடுக்கவும் பழகியதைப் போல இதையும் பழக வேண்டும். ஊசிக்குப் பாடம் உண்டு, பரீட்சை உண்டு. ஒருவர் சொல்வதை இன்னொருவர் சரியாக வாங்கிக்கொள்வதற்கு வார்டுதான் பள்ளிக்கூடம்.

எங்கள் பக்கத்து நிலவரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகும் நாற்கரச் சாலை ஊரை ஒட்டிப் போகிறது. கிழக்கே எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் என்று மானாவாரிக் காடுகள். வடக்கே சாத்தூர், சிவகாசி பக்கம் பட்டாசு ஆலைகள். ஊரைச் சுற்றித் தீப்பெட்டி ஆபீஸ்கள். தூத்துக்குடியில் அரசு மருத்துவக் கல்லூரி இருப்பதால் மாவட்டத் தலைமை மருத்துவமனை கோவில்பட்டியில் இருக்கிறது. இங்கே முடியாத கேஸ் போகவேண்டிய இடங்கள்: திருநெல்வேலி ஏறத்தாழ 55 கிலோமீட்டர், தூத்துக்குடி ஏறத்தாழ 60, மதுரை 100. அதாவது காட்டிலிருந்து இங்கே வர ஒரு பயணம், இங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்னொரு பயணம். நிலைமை மோசமான நோயாளியின் முதல் மூன்று மணி நேரத்தில் பாதிக்கு மேல் வண்டிக்குள்ளேயே கழிந்துவிடும். அந்த நேரத்தில் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரே ஆள் இ.எம்.டி.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. அதற்கு முன் சரக்கு ஆட்டோ, வாடகை வேன், பஸ்ஸின் கடைசி சீட், கிடைத்த லாரி, எதில் வேண்டுமானாலும் நோயாளி வருவார். கூட வந்தவர் அழுதுகொண்டே சொல்வதுதான் நமக்குத் தகவல். வழியில் மூச்சு எப்படி இருந்தது, எப்போது நினைவு தப்பியது என்று பயிற்சி பெற்ற கண்ணால் பார்த்துச் சொல்ல யாரும் இல்லை. இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் 1967-க்கு முன் நோயாளியைப் போலீஸ் வேனோ, சவ அடக்கம் செய்கிற நிறுவனத்தின் வண்டியோதான் தூக்கிப் போனது. அந்த வருடம் கறுப்பின இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கினார்கள். பயிற்சியை வகுத்தவர், நெஞ்சை அழுத்தியும் மூச்சு ஊதியும் உயிர் மீட்கும் முறையின் முன்னோடிகளில் ஒருவரான டாக்டர் பீட்டர் சஃபார். இன்றைய பாராமெடிக் வேலைக்கு அது ஒரு தொடக்கப் புள்ளி. ஆஸ்பத்திரி பழையது; ரோட்டிலேயே சிகிச்சை தொடங்க வேண்டும் என்கிற எண்ணம் பரவி ஏறத்தாழ அறுபது வருடம்தான் ஆகிறது. ரோட்டிலிருந்து வருகிறவர் சொல்வதை உட்கார்ந்து கேட்கிற பழக்கம் ஆஸ்பத்திரிகளுக்கு இன்னும் முழுதாக வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

108-இல் வரும் இ.எம்.டி.களில் நர்ஸிங் படித்தவர்கள் உண்டு. விலங்கியலோ, உயிர்வேதியியலோ படித்துவிட்டு வந்தவர்களும் உண்டு. ஏறத்தாழ ஐம்பது நாள் பயிற்சி, பிறகு பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். கூட ஒரு பைலட். எங்கள் பக்கத்தில் டிரைவரை அப்படித்தான் சொல்வார்கள். “நர்ஸிங் படிச்சிருக்கீங்களா?” என்பது புது இ.எம்.டி.யிடம் பல வார்டுகளில் கேட்கப்படுகிற முதல் கேள்வி. கேட்கிற தொனியிலேயே அவர் வாய் பாதி மூடிவிடும். வாய் மூடிய இ.எம்.டி.யால் நோயாளிக்குத்தான் நஷ்டம். அவர் என்ன படித்தார் என்பது எனக்கு அன்றைக்குத் தேவையில்லை. அவர் என்ன பார்த்தார் என்பதுதான் தேவை. அதை நான் எந்தப் படிப்பு படித்தாலும் பார்த்திருக்க முடியாது.

நோயாளியை ஒப்படைக்கிற ஒரு நல்ல ஹேண்டோவர் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சாயங்காலத்தைச் சொல்கிறேன். சின்ன வயசுப் பெண் இ.எம்.டி. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டே வந்தவள், கட்டில் பக்கம் நின்று மூச்சு வாங்காமல் சொன்னாள்:

“அக்கா, நாப்பது வயசு ஆம்பள. அஞ்சரைக்கு உளுந்துக் காட்டுல பாம்புக் கடி, வலது கணுக்கால். ஆறு இருபதுக்குத் தார் ரோட்டுல வாங்குனேன். முழங்காலுக்குக் கீழ துண்ட வச்சு இறுக்கிக் கட்டிருந்தாங்க, நான் அவுக்கல. ஏத்தும்போது பி.பி. நூத்திப்பத்து, இப்போ தொண்ணூறு. ஏத்தும்போது வாயில ரத்தம் இல்ல, இப்போ துப்புனதுல இருக்கு. கண்ணு நல்லாத் திறக்காரு, பேச்சு தெளிவு. இடது கையில லைன் போட்ருக்கு, சலைன் போகுது. பாம்ப யாரும் பாக்கல.”

அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் அதில் ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு ஒரு வேலையைக் கொடுத்தது. அஞ்சரை என்றால் விஷம் உடம்புக்குள் ஒன்றே கால் மணி நேரமாக இருக்கிறது. “அவுக்கல” என்றது பெரிய உதவி. இறுக்கிக் கட்டுவது தப்பு என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆனால் கட்டிவிட்ட கட்டை வண்டிக்குள் திடீரென்று அவிழ்த்தால் தேங்கியிருந்த விஷம் ஒரேயடியாக ஏறலாம். லைன் ஓடி, விஷமுறிவு மருந்து கைக்கு வந்து, டாக்டர் பக்கத்தில் நிற்கும்போதுதான் அவிழ்க்க வேண்டும். புதிதாக வந்த ரத்தம், ரத்த உறைவைக் கெடுக்கிற விரியன் வகையைக் காட்டுகிறது. கண் இமை தொங்கவில்லை, பேச்சு குழறவில்லை என்றால் நரம்பைத் தாக்கும் நல்ல பாம்பு, கட்டுவிரியன் விஷத்தின் அடையாளம் இதுவரை இல்லை. “யாரும் பாக்கல” என்று சொன்னது அதைவிட நல்லது. கூட வந்தவர்கள் ஆளுக்கொரு பாம்பின் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நாங்கள் போகாமல் அவள் தடுத்துவிட்டாள்.

அடுத்த வேலை என்னுடையது. புது, காய்ந்த கண்ணாடி டெஸ்ட் டியூபில் இரண்டு மில்லி ரத்தம். பிளாஸ்டிக் டியூப் உதவாது. சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடியும் உதவாது, இரண்டுமே உறைய வேண்டிய ரத்தத்தை உறையாமல் காட்டிப் பொய் சொல்லும். ஸ்டாண்டில் வைத்து இருபது நிமிடம் யாரும் தொடக்கூடாது. பிறகு ஒரே ஒரு தடவை சாய்க்க வேண்டும். உறைந்திருந்தால் கட்டி அப்படியே நிற்கும். உறையவில்லை என்றால் தண்ணீராக வழியும். அன்று வழிந்தது. பத்துக் குப்பி விஷமுறிவு மருந்து ஏறத் தொடங்கியது, பக்கத்தில் அட்ரினலின் நிரப்பிய சிரிஞ்சு ஒவ்வாமைக்காகக் காத்திருந்தது. அந்தப் பெண் சொன்னதை வைத்து டாக்டர் முன்கூட்டியே குப்பிகளை எடுத்துக் கரைக்கச் சொல்லியிருந்தார். டியூப் சாய்ந்த நிமிடத்திலேயே மருந்து தயார்.

இந்த மருந்தின் தொடக்கத்தில் பாதி நம் மாநிலத்தில்தான் இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கிற விஷம்தான் இந்திய விஷமுறிவு மருந்துக்கு முக்கியமான மூலப்பொருள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே மருந்து. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2024-இல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. இப்போது ஒவ்வொரு கடியையும் கணக்கில் காட்ட வேண்டும். கடித்த நேரமும் இடமும் தெரியாத கணக்கால் பெரிய உபயோகம் இல்லை. அந்த இரண்டும் தார் ரோட்டில் நின்று விசாரித்தவரிடமிருந்துதான் வரவேண்டும்.

சொல்கிறவருக்கு ஒரு வரிசை வேண்டும். வெளிநாடுகளில் ‘மிஸ்ட்’ என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்: எப்படி நடந்தது, என்ன காயம், நாடி, மூச்சு, பி.பி. எப்படி, என்ன சிகிச்சை கொடுத்தாயிற்று. நல்ல வரிசைதான். எங்கள் பக்கத்துக்கு நான் அதோடு இரண்டு சேர்த்துக் கேட்பேன்: எத்தனை மணிக்கு, வழியில் என்ன மாறியது. கேட்கிறவருக்கும் ஒழுங்கு வேண்டும். மூச்சு நின்றிருந்தாலோ, ரத்தம் பீறிட்டாலோ, நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாலோ கை வேலைதான் முதலில். மற்ற நேரங்களில் அந்த அரை நிமிடம் ஒருவரும் மானிட்டர் ஒயரை மாட்டக்கூடாது, சட்டையை வெட்டக்கூடாது, சொந்தக்காரரிடம் ஆதார் கேட்கக்கூடாது. ஒரு செவிலியர் தலைமாட்டில் நின்று இ.எம்.டி. முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். கேட்டதும் நேரத்தையும் கொடுத்த மருந்தையும் திருப்பிச் சொல்ல வேண்டும்: “அஞ்சரை கடி, ஆறு இருபது பிக்கப், மருந்து எதுவும் போடல, சரியா?” அகலமான பிளாஸ்டரில் ஒரு துண்டு கிழித்து அதில் நேரங்களை எழுதிக் கட்டில் கம்பியில் ஒட்டுவது என் வழக்கம். கேஸ் ஷீட் டாக்டர் கையிலும் மேசையிலும் சுற்றிக்கொண்டிருக்கும். பிளாஸ்டர் கட்டிலை விட்டுப் போகாது.

வழியில் என்ன மாறியது என்ற கேள்வியைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். எங்களுக்குக் கிடைப்பது ஒரு போட்டோ, இ.எம்.டி.யிடம் படமே ஓடியிருக்கிறது. தீப்பெட்டி ஆபீஸிலோ பட்டாசு ஆலையிலோ தீப்பட்டவரைக் கொண்டுவரும்போது உடம்பில் எத்தனை சதவீதம் என்று நாங்களே பார்த்துக் கணக்குப் போட்டுவிடலாம். “ஏத்தும்போது சாதாரணமாப் பேசுனாரு, இப்போ தொண்டை கரகரங்குது” என்பதை எந்தக் கணக்காலும் கண்டுபிடிக்க முடியாது. குரல் மாறினால் மூச்சுக்குழாயின் வாசல் வீங்குகிறது என்று அர்த்தம். இன்னும் கொஞ்ச நேரத்தில் குழாய் போடவே வழி இருக்காது. அந்த ஒரு வரி கேட்டால் மயக்கவியல் டாக்டரை உடனே கூப்பிடுகிறோம். கேட்காவிட்டால் நோயாளி பேசுகிறார், ஆக்சிஜன் சாச்சுரேஷன் நன்றாக இருக்கிறது என்று டிரெஸ்ஸிங்கில் இறங்கிவிடுவோம்.

பூச்சிமருந்துக் கேஸ்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் மருந்து அடிக்கிற பருவத்தில் இவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். சிலர் காற்றுக்கு எதிரே நின்று அடித்திருப்பார்கள். சிலருக்கு முதுகில் மாட்டிய டேங்க் ஒழுகிச் சட்டை நனைந்து தோல் வழியே ஏறியிருக்கும். சிலர் கதை வேறு; அதை வீட்டார் கூட்டத்துக்கு நடுவில் சொல்ல மாட்டார்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும், ஊரில் பேச்சாகிவிடும் என்று பயம். வண்டிக்குள் தனியாக இருக்கும் இருபது நிமிடத்தில் மனைவியோ தம்பியோ இ.எம்.டி.யிடம் மெதுவாகச் சொல்லியிருப்பார். அதை எல்லோர் முன்னாலும் உரக்கச் சொல்லாமல் என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்கிற இ.எம்.டி.க்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஒரு தடவை அப்படி வந்த நோயாளியோடு பைலட் அண்ணாச்சி ஒரு கேரிபேக்கை என் கையில் கொடுத்தார். மூடி இறுக்கிய காலி பாட்டில். வரப்பில் கிடந்ததை அவர்தான் பார்த்திருக்கிறார். இ.எம்.டி. நோயாளியோடு போராடிக்கொண்டிருந்தபோது, வண்டியைத் திருப்புகிற இடைவெளியில் இறங்கி எடுத்துவந்தார். இந்தியப் பூச்சிமருந்து பாட்டில்களில் ஒரு சாய்சதுரமும் அதில் நிறமும் இருக்கும். சிவப்பு மிகக் கொடியது. மஞ்சள், நீலம், பச்சை என்று இறங்கும். நிறத்தைவிட முக்கியம் உள்ளே இருப்பதன் பெயர். ஆர்கனோபாஸ்பேட் வகை என்றால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, வாயில் எச்சில் வழிந்து, நெஞ்சு நீர் கோத்திருக்கும். அவருக்கு ஆக்சிஜன் தாராளமாகக் கொடுக்க வேண்டும், அட்ரோபின் ஓடவேண்டும். பாராகுவாட் என்கிற களைக்கொல்லி என்றால் அதே ஆக்சிஜன் நுரையீரலை இன்னும் எரித்துவிடும். மிகவும் குறைந்தால் மட்டுமே கொடுக்க வேண்டும். இரண்டு பேருக்கும் எதிரெதிரான சிகிச்சை. அந்த வித்தியாசம் கேரிபேக்கில் வந்தது.

அட்ரோபின் ஆம்பூல் ஒன்றில் 0.6 மில்லிகிராம்தான் இருக்கும். முதல் டோஸ் 1.8 என்றால் மூன்று ஆம்பூல். ஐந்து நிமிடத்தில் நெஞ்சுச் சளி காயவில்லை என்றால் இரட்டிப்பு, ஆறு. அதற்கும் அடங்கவில்லை என்றால் பன்னிரண்டு. பத்து நிமிடத்துக்குள் இருபத்தோரு ஆம்பூலின் கழுத்தை உடைக்க வேண்டும். நோயாளி வந்த பிறகு அலமாரியைத் திறந்து எடுக்கத் தொடங்கினால் கை போதாது. அதனால்தான் முன்கூட்டியே வரும் போனை நான் மருந்துப் பட்டியலில் சேர்ப்பேன். தமிழ்நாடு அரசின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தில் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பதும், வண்டி வருமுன்பே ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்வதும் முறையாக்கப்பட்டிருக்கின்றன. “சிவப்பு கேஸ், மருந்து விஷம், இருபது நிமிஷம்” என்று தகவல் வந்தால் போதும். சிவப்புக் கட்டிலைக் காலி செய்வோம். சளி உறிஞ்சும் சக்‌ஷன் இழுக்கிறதா என்று ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்துப் பார்ப்போம். ஆம்பூல்கள் வரிசையாக ட்ரேயில் நிற்கும். வாசல் பக்கம் வாளித் தண்ணீரும் சோப்பும் இருக்கும், ஏனென்றால் நனைந்த சட்டையோடு அவரை உள்ளே கொண்டுவந்தால் விஷமும் கூடவே வரும். இ.எம்.டி. சட்டையை ஏற்கெனவே கழற்றிவிட்டாரா, இல்லையா என்று போனிலேயே கேட்டுவிடுவேன்.

மற்ற கேஸ்களில் கேட்க வேண்டியது சுருக்கம். நெஞ்சுவலியா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்தார்களா என்று முதலில் கேள். 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் லோடிங் டோஸை அங்கேயே கொடுத்து அனுப்புகிறார்கள்; தெரியாமல் மறுபடி கொடுத்துவிடக் கூடாது. நாற்கரச் சாலை விபத்தா? வண்டி எப்படி நசுங்கியிருந்தது, ஸ்டியரிங் வளைந்திருந்ததா, கூட வந்தவர் அங்கேயே இறந்தாரா. அப்படியென்றால் எழுந்து உட்கார்ந்து பேசுகிறவரையும் சிவப்புக் கட்டிலில் போடு. வண்டியிலேயே பிரசவமா? குழந்தை பிறந்த நேரம், நஞ்சுக்கொடி வந்துவிட்டதா, எத்தனை துணி நனைந்தது. பக்கவாதமா? கடைசியாக நன்றாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள். காலையில் எழும்போதே கை விழுந்திருந்தது என்றால், கடைசி நேரம் முந்தைய இரவு.

இதெல்லாம் சொல்வதற்குச் சுலபம். நடைமுறையில் இரண்டு பக்கமும் முகம் சுளிக்கிற இடங்கள் உண்டு. “கொண்டாந்து போட்டுட்டுப் போயிடுறாங்க” என்பது எங்கள் பக்கத்துப் புலம்பல். “அரை மணி நேரமா ஸ்ட்ரெச்சர திருப்பித் தர மாட்டேங்குறாங்க” என்பது அவர்கள் பக்கத்துப் புலம்பல். இரண்டும் உண்மை. ஸ்ட்ரெச்சரும் முதுகெலும்பைத் தாங்கும் ஸ்பைன் போர்டும் எங்களிடம் மாட்டிக்கொண்டால் அந்த வண்டி நகராது. அதே நேரம் வேறொரு ஊரில் இன்னொருவர் 108-ஐ அழைத்துவிட்டுக் காத்திருப்பார். வண்டியைச் சீக்கிரம் விடுவிப்பதும் ஓர் அவசர சிகிச்சை என்று வார்டில் ஒருவருக்காவது தோன்ற வேண்டும். நான் பார்த்த தீர்வு சாதாரணமானது. ஆஸ்பத்திரியின் சொந்த போர்டு ஒன்று வாசலிலேயே சாத்தியிருக்க வேண்டும். நோயாளியோடு ஒன்று உள்ளே போனால் ஒன்று வெளியே போகும். இ.எம்.டி. நீட்டுகிற கேஸ் தாளில் கையெழுத்துப் போடுவதும் அப்படித்தான். பேனாவை எடுக்குமுன் அதைப் படிக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த பி.பி.யும் நாடியும் அதில் இருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போட்டால், அவர் வழியெல்லாம் பார்த்த வேலையை நாம் ஒரு கிறுக்கலில் முடித்துவிடுகிறோம்.

திருநெல்வேலிக்கு அனுப்பும்போது நிலைமை தலைகீழாகிறது. இப்போது சொல்லவேண்டியவர் செவிலியர், கேட்க வேண்டியவர் இ.எம்.டி. வாங்கும்போது எதிர்பார்த்ததை எல்லாம் கொடுக்கும்போது நாம் செய்கிறோமா என்பதில்தான் நம் நியாயம் தெரியும். டாக்டர் எழுதிய ரெஃபரல் சீட்டை ஒட்டிக்கொடுத்தால் போதாது. கடைசி அட்ரோபின் எத்தனை மணிக்கு, அடுத்தது எப்போது, எந்த லைனில் எது ஓடுகிறது, எந்தக் குழாய் எத்தனை சென்டிமீட்டரில் கட்டியிருக்கிறது, கயத்தாறு தாண்டும்போது என்ன நடக்கலாம், நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வாயால் சொல்ல வேண்டும். ஆக்சிஜன் கணக்கையும் இருவரும் சேர்ந்து போட வேண்டும். பி டைப் சிலிண்டர் முழுதாக இருந்தால் 1,500 லிட்டர். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் என்றால் இரண்டரை மணி நேரம். பாதி சிலிண்டர் என்றால் ஒன்றே கால் மணி. பெரியாஸ்பத்திரி வாசல் வரைக்கும் அது தாங்கும். டோல்கேட்டில் நெரிசலோ, டயர் பஞ்சரோ வந்தால் தாங்காது. ஏற்றுமுன் கேஜைப் பார்த்து இருவரும் தலையாட்டிய பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும்.

இதுவரை சொன்னதில் செய்தி எல்லாம் நோயாளி போகிற திசையிலேயே போகிறது. திரும்பி வருகிற செய்தியைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. உளுந்துக் காட்டிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்த பெண், அவரை எங்களிடம் விட்டதும் அடுத்த அழைப்புக்குப் போய்விடுகிறாள். அவர் பிழைத்தாரா, அவள் கட்டை அவிழ்க்காமல் விட்டது சரியா, தெரியாது. பக்கவாதம் என்று கொண்டுவந்த பெரியவருக்குச் சர்க்கரைதான் குறைந்திருந்தது என்று யாரும் சொல்லாவிட்டால், அடுத்த பெரியவருக்கும் அவர்கள் குளுக்கோமீட்டரை எடுக்க மாட்டார்கள். முடிவு தெரியாமல் வேலை செய்கிறவருக்கு அனுபவம் சேராது, ஷிப்ட்தான் சேரும். எங்களுக்கும் அதே நிலைதான். திருநெல்வேலிக்கு அனுப்பியவர் என்ன ஆனார் என்பது அங்கே ஒப்படைத்த இ.எம்.டி.க்கு ஓரளவு தெரிந்திருக்கும். நாங்கள் கேட்டதில்லை என்பதால் அவர் சொன்னதில்லை.

அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒரு கேஸைக் கொண்டுவந்த டீம் மறுபடி வாசலுக்கு வரும்போது, ஸ்ட்ரெச்சர் காலியானதும் சொல்லிவிடுவேன். “ஏம்மா, அன்னைக்கு நீ கொண்டாந்த ஆளு நடந்தே வீட்டுக்குப் போனாரு. ரத்தம் ரெண்டாந்தடவ டெஸ்ட் பண்ணும்போது உறைஞ்சிருச்சு.” அந்த டீமுக்கு மட்டும், ஊர் பெயரோ ஆள் பெயரோ வெளியே போகாமல். நல்ல செய்தி மட்டும் சொல்வதில்லை. இறந்துபோனால் அதையும் சொல்கிறேன், எந்த இடத்தில் எது முந்தியிருந்தால் உதவியிருக்கும் என்பதையும் சொல்கிறேன். அவர்களும் எங்களைப் பற்றிச் சொல்ல இடம் கொடுக்க வேண்டும். “அக்கா, நீங்க அனுப்புன டியூப் லூஸா இருந்துச்சு, வழியில நான் பிடிச்சுக்கிட்டே போனேன்” என்று ஒரு தம்பி சொன்னால், அந்த வாரம் வார்டில் எல்லோருடைய டியூப் கட்டும் இறுகும்.

தனி ஆளின் வழக்கம் அவர் மாற்றலாகிப் போனால் போய்விடும். தமிழ்நாட்டில் பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் என்ன நடந்தது என்று ஆராயும் முறை பல வருடங்களாக இருக்கிறது. தாய்மார் சாவைக் குறைத்ததில் அதற்குப் பங்கு உண்டு. அதே பாணியில், சாவுக்குக் காத்திருக்காமல், மாதம் ஒருமுறை அரை மணி நேரம் போதும். நான்கு கேஸ்: நன்றாக முடிந்தது இரண்டு, தடுமாறியது இரண்டு. அழைப்பு வந்த நேரம், தார் ரோட்டில் வாங்கிய நேரம், வாசலுக்கு வந்த நேரம், முதல் மருந்து ஏறிய நேரம் இவற்றைப் பலகையில் எழுத வேண்டும். டியூட்டி டாக்டர், செவிலியர், இ.எம்.டி. எல்லோரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். யார் மேல் தப்பு என்று தேடாமல், எந்தக் கை மாற்றத்தில் எது சிந்தியது என்று மட்டும் பார்க்க வேண்டும். வரப்பிலிருந்து பாட்டிலை எடுத்துவந்தது யார் என்பதை மறக்காமல், பைலட்டுக்கும் அங்கே ஒரு நாற்காலி போட வேண்டும்.